விளைபொருள்களை இணையவழியில் விற்கத் தொடங்குவோர் செய்யும் பிழைகள்

சில வருஷங்களாக நமது கிராமங்களிலுள்ள குடியானவர்களில் அநேகர், விசேஷமாகப் பட்டணத்தில் படித்துவிட்டு ஊர் திரும்பிய வாலிபர்கள், தங்கள் நிலத்தில் விளைந்த அரிசி, நாட்டுச் சர்க்கரை, மஞ்சள், செக்கெண்ணெய் முதலியவற்றை மண்டிக்கு அனுப்பாமல் கைபேசியின் மூலமாகவே பட்டணவாசிகளுக்கு நேரே விற்கத் தலைப்பட்டிருக்கிறார்கள். தரகும் கமிஷனும் நடுவில் போகாமல் முழுக் கிரயமும் விளைவித்தவனுக்கே வந்து சேரும் என்பது அவர்களுடைய எண்ணம். எண்ணம் நல்லதே, இம்முறையில் பலன் கண்டவர்களும் உண்டு. ஆனால் நகையை அடகு வைத்துத் தொடங்கி, அடுத்த அறுவடைக்கு முன்பே கடையை மூடிவிட்டுக் கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. இவர்களில் பெரும்பாலோர் கைபேசியை இயக்குவதில் நம்மிலும் கெட்டிக்காரர்கள். முகமறியாத ஒருவர் வீட்டு வாசலில் ஒரு பொதி கெடாமல் போய்ச் சேரும்வரை என்ன செலவாகும், வழியில் அதற்கு என்னென்ன நேரும் என்பதை அவர்கள் முன்கூட்டி ஆராயவில்லை. அவர்கள் செய்யும் பிழைகளில் மிகுதியானவை இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

தொடங்குகிறவர் முதலில் செய்வது யாதெனில், கடைக்குப் பெயர் வைத்து, சின்னம் எழுதுவித்து, முப்பது நாற்பதாயிரம் ரூபாய் செலவில் ஒரு வலைத்தளம் அமைத்து, வர்ண உறைகளை ஐயாயிரம் என்ற கணக்கில் அச்சடித்து வைப்பதாகும். சரக்கு ஒரு மூட்டைகூட விற்றிராது. பின்னர் உறையில் இருக்க வேண்டிய விவரம் ஒன்று விடுபட்டுப் போயிற்றென்று தெரியவரும்பொழுது ஐயாயிரம் உறைகளும் பரண்மேல் ஏறுகின்றன. அதைவிட மோசமானது ஒன்றும் நடக்கிறது. தளத்தை அமைத்துக் கொடுப்பவர் அதன் பெயரைத் தம்முடைய பெயரிலேயே பதிந்துகொண்டு, கடவுச்சொல்லையும் தம்மிடமே வைத்துக்கொள்கிறார். தளத்தின் பெயருக்கு வருஷந்தோறும் கட்டணம் செலுத்திப் புதுப்பிக்க வேண்டும் என்பது அநேகருக்குத் தெரிவதில்லை. இரண்டாம் வருஷத்தில் கேட்ட தொகையைக் கொடுக்காவிட்டால் கடையின் பெயரே பறிபோகும். நிலத்தின் பத்திரத்தைப் பிறர் பெயரில் எழுதி வைக்க எந்தக் குடியானவரும் சம்மதியார். இதுவும் அவ்வகைச் சொத்தே. தளம் அமைப்பதானால் பதிவு தம் பெயரிலும், அதற்குரிய மின்னஞ்சல் முகவரியும் கைபேசி எண்ணும் தம்முடையனவாகவும் இருக்க வேண்டும். ஆரம்பத்தில் தளமே அவசியமில்லை. ஒரு வாட்ஸப் எண்ணும், சரக்கின் உண்மையான புகைப்படம் நான்கும், வெள்ளை உறையில் ஒட்டத்தக்க சீட்டுக்களும் ஐம்பது பொதிகள் வரையில் போதும்.

அடுத்தது விலை நிர்ணயம். இதைச் சற்று விரித்துச் சொல்வது அவசியம், ஏனெனில் நஷ்டத்தின் பெரும்பகுதி இங்கேதான் ஏற்படுகிறது. கணக்கின் பொருட்டு, நாட்டுச் சர்க்கரை மண்டியில் கிலோ 50 ரூபாய்க்குப் போகிறதென்று வைத்துக்கொள்வோம். பட்டணத்துக் கடைகளில் விற்கும் விலையைப் பார்த்து நமது குடியானவர் 90 ரூபாய் என்று விலை போடுகிறார். கிலோவுக்கு 40 ரூபாய் லாபம் என்று மனத்திற்குள் முடிவு செய்துகொள்கிறார். உள்ளபடி ஆகும் செலவு இது: சரக்கு 50 ரூபாய், உள்ளுறையும் சீட்டும் 6 ரூபாய், அட்டைப் பெட்டியும் ஒட்டுநாடாவும் 12 ரூபாய், விற்பனைத் தளத்தின் கமிஷனும் பணம் பெறும் கட்டணமும் சேர்ந்து 8 ரூபாய், பொதி கட்டும் கூலி 5 ரூபாய், தபால் ஆபீசுக்குப் போய்வரும் செலவில் ஒரு பொதியின் பங்கு 4 ரூபாய். ஆக 85 ரூபாய். மிஞ்சுவது 5 ரூபாய். இதன்மேல் பார்சல் கட்டணம் 60 ரூபாய் என்று வைத்து, அதையும் தாமே ஏற்றுக்கொண்டு 'அனுப்பும் கட்டணம் இலவசம்' என்று விளம்பரம் செய்திருந்தாரானால், ஒவ்வொரு கிலோவையும் 55 ரூபாய் நஷ்டத்தில் அனுப்பிக்கொண்டிருக்கிறார். வியாபாரம் அமோகமாக நடக்க நடக்கக் கடன் ஏறுகிறது.

ஐந்து கிலோவாகச் சேர்த்து அனுப்பினால் நிலைமை கொஞ்சம் தேறும், ஏனென்றால் எடை ஏறுகிற வீதத்தில் பார்சல் கட்டணம் ஏறுவதில்லை. கட்டணம் 160 ரூபாய் என்று கொள்வோம். ஐந்து கிலோவின் விற்பனை 450 ரூபாய்; சரக்கு 250, உறைகள் 30, பெட்டி 20, கமிஷன் 40, கூலி 10, வழிச்செலவு 4, ஆக 354 ரூபாய்; மிச்சம் 96. பார்சலுக்கு 160 கொடுத்தால் இன்னமும் 64 ரூபாய் கைநஷ்டம். கிலோ 110 ரூபாய்க்கு விற்றால்தான், கமிஷன் 50 ரூபாயாக உயர்ந்தது போக, பொதிக்கு 26 ரூபாய் நிற்கும். அதாவது மண்டி விலைக்குமேல் கிலோவுக்கு ஐந்து ரூபாய்ச் சொச்சம். இப்படியிருக்க, வாங்கியவர் ஒரு பொதியை வேண்டாமென்று திருப்பினால், போகவர 320 ரூபாய் கூலி போய்விடும். பன்னிரண்டு பொதிகளில் கிடைத்த லாபமும் அதில் கரையும். பொருள் கைக்கு வந்தபின் பணம் கொடுக்கும் ஏற்பாட்டில், வேண்டாமென்று சொல்பவருக்குக் கைநஷ்டம் ஒன்றுமில்லை. ஆதலால் திரும்பி வரும் பொதிகள் அதிலேதான் அதிகம். புதிதாய்த் தொடங்குகிறவர் முன்பணம் பெற்றே அனுப்புதல் உசிதம்.

மேலே கண்ட தொகைகள் உதாரணத்திற்காகவே. ஒவ்வொருவரும் தம்முடைய சரக்கிற்கும், தம்முடைய ஊருக்கும், அன்றைய கட்டணத்திற்கும் தக்கபடி இக்கணக்கை ஒரு காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால், கனமாகவும் விலை குறைவாகவும் உள்ள பொருள்கள் பார்சலுக்குத் தாங்கமாட்டா என்பது தானே விளங்கும். மஞ்சள் தூள், மிளகு, தேன், முருங்கை இலைப் பொடி போன்றவை கிலோ விலை அதிகமானவையாதலால் அதே கட்டணத்தைச் சுலபமாய்த் தாங்கும். இன்னொரு வகையும் இருக்கிறது. அது எடையில்லாமலே செலவு வைக்கும். கூரியர் கம்பெனிகள் பொதியின் நீளம், அகலம், உயரங்களை சென்டிமீட்டரில் பெருக்கி, 5000-ஆல் வகுத்து வரும் எண்ணையும் நிறுத்த எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்கே கட்டணம் வசூலிப்பது வழக்கம். 40, 30, 30 சென்டிமீட்டர் அளவுள்ள பெட்டியில் இரண்டு கிலோ பொரியோ வடகமோ அனுப்பினால் அது 7.2 கிலோவாகக் கணக்கிடப்படும். பொரி வியாபாரத்தில் இறங்கிய பின் இதைத் தெரிந்துகொள்வதில் பிரயோஜனமில்லை.

தூரத்திலுள்ளவருக்குத்தான் இணையவழியில் விற்க வேண்டும் என்று ஒரு நினைப்பும் பரவியிருக்கிறது. முப்பது மைல் தூரத்திலுள்ள பட்டணத்தில் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் பத்துக் குடும்பத்தார் ஒரு வாட்ஸப் குழுவில் சேர்ந்து, மாதம் ஒருமுறை ஐம்பது கிலோ நாட்டுச் சர்க்கரை கேட்கிறார்கள் என்று கொள்வோம். கிலோ 80 ரூபாய்க்குக் கொடுத்தாலும் வரவு 4,000 ரூபாய். சரக்கு 2,500, உறைகள் 300, வண்டிச் சத்தம் 400, கூலி 100, ஆக 3,300. கையில் 700 ரூபாய், அதாவது கிலோவுக்கு 14 ரூபாய் நிற்கிறது. வாங்குகிறவருக்கும் கிலோவுக்கு 30 ரூபாய் சகாயம். அட்டைப் பெட்டியில்லை, கமிஷனில்லை, சரக்கைக் கண்ணால் பார்த்துக் குறை சொல்லவும் ஆளிருக்கிறது. சென்னைக்கும் பெங்களூருக்கும் அனுப்புவதற்கு முன்னால் இந்தப் படியை ஒருவரும் தாண்டக்கூடாதென்பது எனது அபிப்பிராயம்.

இனி, சரக்கின் பக்குவத்தைப் பற்றி. நமது இலாகாவினர் நேரே உதவக்கூடிய விஷயம் இதுவேயாதலால் கூடியமட்டும் தெளிவாய் எழுதுகிறேன். மண்டியில் விற்ற சரக்கு அன்றே நம் பொறுப்பை விட்டுப் போய்விடும். உறையிட்டு அனுப்பிய சரக்கோ, வாங்கியவருடைய சமையலறையில் இரண்டு மாதம் இருந்தாலும் நம் பெயரைத் தாங்கியே இருக்கிறது. அரிசியில் வரும் கூன்வண்டு, மணியைத் துளைத்து அதற்குள் முட்டையிட்டு, துளையைப் பசையால் அடைத்துவிடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நம் நாட்டு வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் முழுவண்டாகி வெளியே வரும். நாம் அனுப்பும்பொழுது முத்துப்போலிருந்த அரிசி, வாங்கியவர் இரண்டாம் முறை உறையைத் திறக்கும்பொழுது வண்டு நெளிந்துகொண்டிருக்கும். அவர் நம்மை ஏமாற்றுக்காரரென்று எண்ணுவது சகஜம். அந்த எண்ணத்தைப் புகைப்படத்துடன் நூறு பேருக்குத் தெரிவிக்கவும் அவருக்கு வசதியிருக்கிறது.

இதற்குப் பரிகாரம் கடினமானதன்று. நெல்லை ஈரம் 12 சதவிகிதத்திற்கு வரும்படி நன்றாய் உலர்த்தி, நெல்லாகவே வைத்திருக்க வேண்டும். உமி வண்டுக்கு ஓரளவு தடையாயிருக்கிறது. கேட்டவர் தொகையைப் பார்த்து, வாரத்திற்கு வேண்டிய அளவே அரைத்து அனுப்புதல் நலம். மாப்பிள்ளைச் சம்பா முதலிய பழைய ரகங்களைத் தவிடு நீக்காமல் விற்பவர்கள் இதில் இன்னும் அதிக ஜாக்கிரதையாயிருக்க வேண்டும். தவிட்டிலுள்ள எண்ணெய் நாளடைவில் கெட்டுச் சிக்கு வாடை வீசும். தீட்டிய அரிசியைப் போல் அதை ஆறுமாதம் வைத்திருக்கலாகாது. அறுவடையானவுடன் இருநூறு மூட்டையையும் அரைத்து, அழகான உறைகளில் நிரப்பி, அடுக்கி வைத்துக்கொண்டு விற்பனைக்குக் காத்திருப்பது, புதியவர்கள் ஆசையுடன் செய்கிற காரியம். அதனால் விளைச்சலே பாழாகிறது.

நாட்டுச் சர்க்கரைக்கும் வெல்லத்திற்கும் மழைக்காலமே சத்துரு. காற்றிலுள்ள ஈரத்தை அவை உறிஞ்சி இளகிப்போகும். ஐப்பசி கார்த்திகையில் அனுப்புவதானால், ஈரம் புகாத உள்ளுறையை வெப்பத்தால் ஒட்டி, அதன்மேல் மற்றோர் உறையிட வேண்டும்; அடைமழை நாட்களில் உறையிடும் வேலையையே நிறுத்தி வைப்பது மேல். நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹைட்ரஸ் என்னும் மருந்தைப் போட்டு வெளுப்பாக்கிய வெல்லத்தைக் கண்டு பழகிய பட்டணத்தார், மருந்தில்லாத வெல்லம் கருத்திருப்பதைக் கண்டு சந்தேகிப்பார்கள். மண்ணுக்கும் கரும்பு ரகத்திற்கும் தக்கபடி, காய்ச்சலுக்குக் காய்ச்சல் நிறம் மாறும் என்பதை விற்பனைக் குறிப்பிலேயே எழுதிவிட வேண்டும். வேறொருவர் சரக்கின் பளபளப்பான படத்தை எடுத்துப் போடுகிறவர் தமக்குத் தாமே தீங்கு தேடிக்கொள்கிறார். நிலக்கடலை விற்பவர்கள் காய் நன்றாய்க் காய்ந்த பின்னரே மூட வேண்டும். ஈரமிருந்தால் பூஞ்சணம் பிடித்து, அஃப்ளடாக்சின் என்னும் விஷம் உண்டாகும். எண்ணெயைப் பார்சலில் அனுப்புவதை ஆரம்பத்தில் தவிர்ப்பது நல்லது. ஒரு புட்டி கசிந்தால் அயலார் பொதிகளும் கெடும்.

சரக்கைப் பற்றிச் சொல்லும் வார்த்தையிலும் பிழைகள் நேர்கின்றன. பழைய ரக அரிசியை விற்கும் அநேகர், 'இதை உண்டால் நீரிழிவு தீரும்' என்று தாராளமாக எழுதுகிறார்கள். நோய் தீர்க்குமென்று உணவுப் பண்டத்தை விளம்பரம் செய்தல் குற்றமாகும். நீரிழிவைத் தீர்ப்பதாக விளம்பரப்படுத்தலாகாதென்று 1954-ஆம் வருஷத்து மருந்து மந்திர சிகிச்சை விளம்பரச் சட்டத்தின் அட்டவணையிலேயே கண்டிருக்கிறது. உணவு விளம்பரங்களுக்கு 2018-இல் தனி ஒழுங்குமுறைகளும் ஏற்பட்டன. இயற்கை விவசாய விளைபொருள் என்னும் பெயரும் இப்படியே. இதற்கு 2017-ஆம் வருஷத்து ஒழுங்குமுறைகள் இருக்கின்றன. சிறிய விவசாயி தாமே உண்பவருக்கு நேராக விற்கும்பொழுது சான்றிதழ் விஷயத்தில் சலுகையுண்டு. ஆனால் சான்றிதழின்றி அதற்குரிய முத்திரையை உறையில் அச்சிட இடமில்லை. பிறருடைய விற்பனைத் தளத்தில் வைப்பதானால் சான்றிதழைக் கேட்பார்கள். ஊர்ப்பெயரைச் சேர்ப்பதிலும் கவனம் வேண்டும். ஈரோடு மஞ்சளுக்கு 2019-இலும், இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இலும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அக்குறியீட்டிற்குரிய எல்லைக்கு வெளியே விளைந்த மஞ்சளுக்கு அப்பெயரை இட்டு விற்றால், 1999-ஆம் வருஷத்துச் சட்டப்படி நடவடிக்கைக்கு உள்ளாக நேரும். தம்மூர்ப் பெயரையே எழுதி, என்றைக்கு அறுத்தது, எப்படி உலர்த்தியது என்று உள்ளதைச் சொன்னால், வாங்குகிறவர் அதையே அதிகம் மதிக்கிறார்.

சட்ட சம்பந்தமான மற்றவற்றைச் சுருக்கமாய்க் குறிப்பிடுகிறேன். குடியானவர் தம் நிலத்து விளைபொருளை நிலத்திலிருந்தபடியே விற்பதற்கு 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. ஆனால் அரைத்தோ, காய்ச்சியோ, ஆட்டியோ, உறையிட்டு இணையவழியில் விற்கும்பொழுது அவர் உணவு வியாபாரியாகிறார்; சிறிய அளவிற்குப் பதிவும் பெரிய அளவிற்கு லைசென்சும் பெற்று, அந்தப் 14 இலக்க எண்ணை உறையில் காட்ட வேண்டும். 2011-ஆம் வருஷத்துப் பொட்டலப் பொருள் விதிகளின்படி, உறையிட்டவர் பெயரும் முகவரியும், பொருளின் பெயர், நிகர எடை, உறையிட்ட மாதமும் வருஷமும், வரிகளுட்பட்ட அதிகபட்ச விலை, புகாருக்குரிய தொடர்பு ஆகியன இருத்தல் அவசியம். இவற்றில் பெரும்பாலானவற்றை 2018 ஜனவரி முதல் இணையத்தில் சரக்கைக் காட்டும் பக்கத்திலும் காட்ட வேண்டியிருக்கிறது. ஜி.எஸ்.டி. விஷயத்தில், தம் நிலத்து விளைச்சலை விற்குமளவில் விவசாயிக்குப் பதிவு தேவையில்லை. மிளகை உலர்த்தி விற்றாலும் அவ்வாறே என்று 2024 டிசம்பரில் தெளிவாக்கப்பட்டது. ஆனால் கரும்பு விளைச்சல், வெல்லமோ செய்பொருள். அன்றியும், 25 கிலோவுக்கு உட்பட்ட உறையில் சீட்டொட்டி விற்கும் அரிசி, வெல்லம் முதலியவற்றிற்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவிகித வரி விதிக்கப்பட்டது. மாநிலத்திற்குள்ளேயே விற்பனைத் தளங்களின் மூலம் விற்கும் சிறு வியாபாரிகளுக்கு 2023 அக்டோபர் முதல் பதிவிலிருந்து விலக்குண்டு. வரிக்குரிய சரக்கை அத்தளங்களின் வழியாக வெளிமாநிலத்திற்கு அனுப்பினால் அவ்விலக்கு பொருந்தாது. ஒரு கணக்கரைக் கலந்து, ஆரம்பத்திலேயே இதைத் தெரிந்துகொள்வது சிக்கனம்.

பக்கத்து ஊர்ச் சரக்கையும் வாங்கி, முப்பது வகைப் பொருளை வரிசையாய் வைத்தால்தான் கடைபோல் தோன்றும் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்பொழுதே அவர் விவசாயிக்குரிய சலுகையை அந்தச் சரக்கின் மட்டில் இழக்கிறார். அந்தச் சரக்கில் கல்லிருந்தாலும் கலப்படமிருந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் இவரே. தம் நிலத்துப் பொருள் இரண்டு மூன்றுடன் நிற்பது போதும். அந்த இரண்டு மூன்றிலும், கையிருப்பு எவ்வளவு, வாங்குகிறவர்கள் மாதம் எவ்வளவு கேட்கிறார்கள், அடுத்த அறுவடை வரையில் எட்டுமா என்று பார்த்து, எட்டாதானால் புதியவர்களைச் சேர்க்காமல் நிறுத்திக்கொள்ள வேண்டும். தை மாதத்தில் நூறு பேருக்குக் கொடுத்துவிட்டு, ஆனியில் இல்லையென்று கைவிரிப்பதைக் காட்டிலும், நாற்பது பேருக்கு வருஷம் முழுதும் கொடுத்து வருகிறவரே நிலைக்கிறார்.

பணம் பெறுவதில் ஒரு மோசடி அடிக்கடி நடந்து வருவதால் அதையும் தெரிவிக்கிறேன். பெரிய தொகைக்குச் சரக்குக் கேட்டு, தாம் ராணுவத்தில் அதிகாரி என்றோ வேறு விதமாகவோ சொல்லிக்கொண்டு, 'உங்களுக்குப் பணம் வர இந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள்' என்று ஒருவர் கேட்பார். யு.பி.ஐ. ரகசிய எண் பணம் கொடுப்பதற்கே வேண்டும். பெறுவதற்கு ஒருபொழுதும் வேண்டியதில்லை. எண்ணைப் போட்டால் நம் கணக்கிலிருந்தே பணம் போய்விடும். ஏமாந்துவிட்டால் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். நேரம் கடந்தால் பணத்தைத் தடுத்து நிறுத்துவது அரிது. குடும்பக் கணக்கையும் வியாபாரக் கணக்கையும் வெவ்வேறு வங்கிக் கணக்கில் வைப்பதனால், இப்படி நேர்ந்தாலும் போவது சொற்பமாயிருக்கும். மாத முடிவில் லாபமா நஷ்டமா என்பதும் மறைக்க முடியாமல் தெரிந்துவிடும்.

கிராம நிர்வாக அலுவலர்களும் கூட்டுறவுச் சங்கக் காரியதரிசிகளும், இவ்வியாபாரத்திற்குக் கடன் கேட்டு வருகிறவர்களை அடிக்கடி சந்திக்கிறார்கள். சிட்டா, அடங்கல் நகல்களைத் தாமதமின்றிக் கொடுப்பது அவர்கள் செய்யக்கூடிய உபகாரம். தாம் விளைவித்த பொருள்தான் என்று குடியானவர் காட்டுவதற்கு அவை பல இடங்களில் உதவும். கடனுக்குச் சிபார்சு செய்யுமுன், இதுவரையில் எத்தனை பொதிகள் அனுப்பினார், எத்தனை திரும்பின, ஒரு பொதிக்கு உள்ளபடி ஆன செலவு என்ன என்று எழுதிய காகிதத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். பத்துப் பொதிகளுக்கு அந்தக் கணக்கு இல்லாதவருக்கு இப்பொழுது வேண்டியது கடனன்று; பத்து அட்டைப் பெட்டிகளும் ஒரு தராசும் போதும். உலர்த்தும் முறை, ஈரம் பார்க்கும் கருவி, சேமிப்பு ஆகியவை பற்றிய யோசனைக்கு அவரை வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திற்கு அனுப்பி வைக்கலாம். அரிசியோ சர்க்கரையோ, கையிலுள்ள சரக்கில் ஒரு படி மாதிரி கொண்டுவரச் சொல்லி அனுப்பினால் பரிசீலனை செய்வதற்கு உதவியாயிருக்கும்.